ஐநூறு யூனிட்டுக்குள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மின்சார அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபோது, காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை என்றுதான் குழந்தைவேலு நினைத்தார். கூட வேலை செய்கிற சபாபதிக்கு வேண்டியது ஒரே ஒரு எண். மின்சாரக் காரை வீட்டிலேயே சார்ஜ் போட்டால் கிலோமீட்டருக்கு என்ன ஆகிறது, பெட்ரோலுக்கும் அதற்கும் எத்தனை வித்தியாசம். "விளம்பரத்துல போடறதெல்லாம் நம்ப முடியாதுங்ண்ணா, உங்க வீட்டு பில்லைப் பாத்துச் சொல்லுங்க, திங்கக்கிழமை லோன்ல கையெழுத்துப் போடோணும்" என்று நேற்று டெஸ்டிங் மேடைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டான். கேட்டதில் குழந்தைவேலுவுக்குக் கொஞ்சம் பெருமைகூட. முப்பத்தொரு வருஷமாக மோட்டார் பம்ப்புகளை ஓடவிட்டு, எந்த மோட்டார் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது, எது சொன்னதைவிட அதிகம் குடிக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற மனுஷன். கணக்கு என்றால் அவரிடம்தான் வருவார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, முதல் வரியை எழுதினார். இந்தத் தடவை ரீடிங் அறுநூற்று நாற்பது யூனிட். இந்தக் கார் வருவதற்கு முன், தனி ஆளாக இருந்த இரண்டு மாதத்துக்கு நூற்று இருபத்தைந்து. ஆக, கார் குடித்தது ஐந்நூற்றுப் பதினைந்து. ஓடியது மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர். தினமும் கருமத்தம்பட்டி கம்பெனிக்குப் போய் வருவது, மாதம் இரண்டு தடவை ஈரோட்டில் மகள் வீடு. பணமாகப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட முழுசாக இல்லை. அதே தூரத்தைப் பழைய காரில் ஓட்டியிருந்தால் பெட்ரோலுக்கு மட்டும் இருபத்தாறாயிரத்துக்கு மேல். அவர் அந்த எண்ணை எழுதிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்தார். இருபத்தாறாயிரம். மாதம் பதின்மூன்றாயிரம். வருஷக்கணக்காக அதைப் போட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். ஒரு நாளாவது உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாரா? பங்கில் நிறுத்துவார், "ரெண்டாயிரத்துக்குப் போடு" என்பார், கார்டைத் தேய்ப்பார், அவ்வளவுதான். பெட்ரோல் என்பது மூச்சு விடுகிற மாதிரி, அதற்கெல்லாம் யார் கணக்குப் பார்க்கிறார்கள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரே ரீடிங்கை வைத்துப் பேசுவது டெஸ்டிங்கில் தப்பு, குறைந்தது மூன்று அளவு எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும் என்று சேர்ந்த முதல் வருஷமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் அட்டையில் விரலை மேலே நகர்த்தினார். ரீடிங் எடுக்க வருகிறவரின் கோழிக்கிறுக்கல் எழுத்து, பச்சை மை, நீல மை, ஒன்றில் மழைத்துளி விழுந்து ஊறியிருந்தது. அறுநூற்று நாற்பது. அதற்கு மேல் அறுநூற்றுப் பத்து. நூற்று இருபத்தைந்து. நூற்றுப் பதினெட்டு. முந்நூற்று இரண்டு. பிறகு வரிசையாக நானூற்றுச் சொச்சங்கள், ஐந்தாறு. அவற்றுக்கு மேலே, அறுநூற்று முப்பத்து நான்கு. விரல் அங்கே நின்றது. அறுநூற்று முப்பத்து நான்கா? அப்போது ஏது இந்தக் கார்? யார் குடித்தது இத்தனை கரண்ட்டை? அவருக்கு நிஜமாகவே ஒரு கணம் ஞாபகம் வரவில்லை. அது பின்னால் அவரை நாள் முழுக்க அடித்தது, அந்த ஒரு கணம் ஞாபகம் வராமல் போனது. தேதியைப் பார்த்தார். பங்குனி மாதம். தையில்தான் மனைவி மரகதத்துக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. ஆமாம், மெஷின். கட்டிலுக்குப் பக்கத்தில், சின்ன பீரோ உயரத்துக்கு, சக்கரம் வைத்து, உள்ளே எதுவோ உஸ்ஸென்று இழுத்து டொக்கென்று விடும். அதிலிருந்து ஒரு நீளக் குழாய் வந்து அவள் மூக்கில் இரண்டு முனையாகப் பிரியும். நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது, இதற்கு மருந்தைவிட மெஷின்தான் முக்கியம், குளிக்க, சாப்பிட என்று ஒரு நாலு மணி நேரம் கழற்றிக்கொள்ளலாம், மற்றபடி இருபது மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றார் டாக்டர். இருபது மணி நேரம். முந்நூற்றைம்பது வாட். காலண்டர் தாளின் ஓரத்தில் கை தன்னால் எழுதியது: ஒரு நாளைக்கு ஏழு யூனிட். அறுபது நாளைக்கு நானூற்று இருபது. மெஷின் வருவதற்கு முன் இரண்டு பேரும் இருந்த வீட்டுக்கு இருநூற்றுப் பத்து, ஏசி கிடையாது, ஏறாது இறங்காது. இரண்டையும் கூட்டினால் அறுநூற்று முப்பது. அட்டையில் அறுநூற்று முப்பத்து நான்கு. நாலே நாலு யூனிட் வித்தியாசம். டெஸ்டிங் மேடையில் இப்படி வந்தால் அவர் நாக்கைச் சப்புக்கொட்டுவார். அதே பழக்கத்தில் இப்போதும் ஒரு சின்னத் திருப்தி வந்தது. வந்த வேகத்தில், கண் அடுத்த வரிக்கு இறங்கியது. நானூற்று எண்பத்தெட்டு.

நானூற்று எண்பத்தெட்டு எப்படி வரும்? மெஷின் அதே மெஷின். வீடு அதே வீடு. அடுத்தது நானூற்று எழுபத்தொன்பது. அடுத்தது நானூற்றுத் தொண்ணூற்றொன்று. எண்பத்தைந்து. எண்பத்திரண்டு. ஒன்றுகூட ஐந்நூறைத் தாண்டவில்லை, ஒன்றுகூட ஐந்நூறுக்கு ரொம்பக் கீழேயும் போகவில்லை, யாரோ கோடு போட்டு அதற்குள்ளேயே நின்றுகொண்டது மாதிரி. சமையலறையில் வீட்டு வேலைக்கு வரும் துளசிமணி பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள், எவர்சில்வர் மேல் எவர்சில்வர் விழுகிற சத்தம். இருக்காது, வேறு ஏதாவது இருக்கும். கரண்ட் கட்? அந்த வருஷம் அப்படியொன்றும் கட் இல்லை, இருந்தாலும் அதற்கென்று சிலிண்டர் வாங்கி வைத்திருந்தாரே, அது சீல் பிரிக்காமலேயே திரும்பிப் போனதே. மீட்டர் கோளாறு? கோளாறான மீட்டர் இப்படி ஒழுங்காகக் காட்டாது, அது அவருக்குத் தெரியாதா. பல்பு! ஆமாம், அந்தச் சமயத்தில்தான் ட்யூப்லைட்டை எல்லாம் எடுத்துவிட்டு எல்இடி மாட்டினார். பெரிய நிம்மதியோடு அதை எழுதினார். நாலு லைட், ஒன்றுக்கு இருபது வாட் மிச்சம், ஐந்து மணி நேரம், அறுபது நாள். இருபத்து நாலு யூனிட். குறைவது சராசரியாக நூற்று நாற்பத்தைந்து. இருபத்து நாலைக் கழித்தாலும் நூற்று இருபத்தொன்று மீதி நிற்கிறது. அதுவும் எல்இடி மாட்டியது எப்போது, தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா? மரகதம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாளே. நின்றுகொண்டா இருந்தாள்? நிற்க முடிந்த காலம் என்றால் அது மெஷின் வருவதற்கு முன்னால். அப்படியானால் அந்த இருபத்து நாலும் இல்லை. அவர் பேனாவை வைத்தார், எடுத்தார். நூற்று நாற்பத்தைந்தை அறுபதால் வகுத்து, அதை மெஷினின் வாட்டால் வகுத்தார். வகுக்காமல் இருந்திருக்கலாம். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம். இருபதில் ஏழு போனால் பதின்மூன்று. மாலை ஆறரையிலிருந்து காலை ஏழரை வரை பதின்மூன்று மணி நேரம். அவர் வீட்டில் இருக்கிற நேரம்.

தாண்டிருச்சு மரகதம். அதுதான் அவர் சொன்னது. பங்குனியில் மின்வாரியத்திலிருந்து பில் குறுஞ்செய்தி வந்த அன்று, காலையில், சாக்ஸ் மாட்டிக்கொண்டே சொன்னார். ஐநூறைத் தாண்டிருச்சு மரகதம், தாண்டுனா ஒரேயடியா டபுளாக்கிப்போடறான். எந்தக் குரலில் சொன்னார்? கோபமாகவா? கோபம் இல்லை, சத்தியமாகக் கோபம் இல்லை, மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரித்தான். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சாக்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார், குதிகாலில் ஓட்டை இருந்தது. அவள் என்ன சொன்னாள்? ஏனுங்க, எவ்வளவு வந்துச்சுங்க என்று கேட்டாளா? கேட்டாள். மூவாயிரத்து முந்நூற்று எழுபது என்றார். அம்மாடி என்றாள். அம்மாடி என்று சொன்னதற்கு அப்புறம் இரண்டு தடவை மூச்சை இழுத்துக்கொண்டாள். அவர் சிரித்தார் என்று நினைக்கிறார். கட்டித்தானே ஆகோணும் என்றும் சொன்னார். கட்டித்தானே ஆகோணும். அதுதான் ஆகாத வார்த்தையா, அதில்தான் போய்ச் சிக்கிக்கொண்டாளா? கவலைப்படாதே, எவ்வளவு வந்தால் என்ன, நீ போட்டுக்கோ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஷூவுக்கு லேஸ் கட்டுகிற நேரம். அடுத்த தடவை பில் வந்தபோது ஆயிரத்து எழுநூறு. அப்போதும் சொன்னார், வாய்விட்டு, சந்தோஷமாக: பரவால்ல மரகதம், இந்தத் தடவை உள்ளயே நின்னுக்கிச்சு. அவள் தலையணையில் சாய்ந்தபடி புன்னகைத்தாள். அந்தப் புன்னகையை அவர் எத்தனை நாள் நினைத்துப் பார்த்திருக்கிறார், அவள் போன பிறகு, எவ்வளவு வியாதியிலும் முகம் சுணங்காதவள் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். அது அந்தப் புன்னகை இல்லையா? பரீட்சையில் பாஸான பிள்ளையின் சிரிப்பா அது?

எப்படிக் குறைந்தது என்று ஒரு தடவை கேட்கக் கூடாதா? ஒரு மோட்டார் எழுதியிருப்பதைவிடக் குறைவாகக் கரண்ட் எடுத்தால் அவர் விடுவாரா, கழற்றிப் பார்க்காமல்? மூன்று நாள் விடமாட்டார். மெஷின்காரப் பையன் ஃபில்டர் மாற்ற வந்தது இப்போது ஞாபகம் வந்தது. பின்பக்கம் குனிந்து மணி நேரம் காட்டுகிற சின்ன மீட்டரைப் பார்த்துவிட்டு, சார், கம்மியாத்தான் ஓடியிருக்குது, ஃபில்டர் இன்னும் நல்லா இருக்குது, அடுத்த தடவை மாத்திக்கலாம் என்றான். அவர் என்ன செய்தார்? ஃபில்டர் காசு மிச்சம் என்று பையனுக்கு டீ போடச் சொன்னார். மரகதம் அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்? ஜன்னலை. இல்லை, ஜன்னல் அவளுக்குப் பின்னால். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், கண்டுபிடித்துவிடுவாரோ என்று. டாக்டரும் கேட்டாரே. கணுக்கால் வீங்க ஆரம்பித்த பிறகு, விரல் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, மெஷினை ஒழுங்காப் போடறீங்களாம்மா என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார், அது நாள் பூரா ஓடிட்டுத்தான் இருக்குதுங்க டாக்டர். இவர்தான் சொன்னார். அவளைப் பொய் சொல்லவிடாமல் அந்தப் பொய்யையும் இவரே சொல்லிவிட்டார். டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். அந்த மாத்திரை எழுநூறு ரூபாய் அட்டை, அதை மறுபேச்சில்லாமல் வாங்கினார். அந்த ஏழு மணி நேரமும் ஓடியிருந்தால் இன்னும் இருந்திருப்பாளா? ஒரு வருஷம்? ஆறு மாசம்? இதை யாரிடம் கேட்பது? இருந்திருக்கமாட்டாள், நுரையீரல் அப்படி, எப்படியும் போயிருப்பாள் என்று ஒரு டாக்டர் சொன்னாலும், அந்த ஏழு மணி நேரம் அவள் காற்றுக்கு வாய் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது இல்லாமல் போய்விடுமா? கட்டிலில் உட்கார்ந்து, முட்டியில் கை ஊன்றி, முன்னால் சாய்ந்து. பக்கத்திலேயே மெஷின். கை எட்டுகிற தூரத்தில் சுவிட்ச்.

அவர் மறுபடி காலண்டர் தாளுக்கு வந்தார், நிறுத்த முடியவில்லை, கணக்கு ஆரம்பித்தால் முடித்துத்தான் பழக்கம். ஐந்நூறைத் தாண்டாமல் அவள் மிச்சம் பிடித்தது இரண்டு மாதத்துக்கு ஆயிரத்து அறுநூற்று எழுபது ரூபாய். ஒரு நாளைக்கு இருபத்தெட்டு. இருபத்தெட்டு ரூபாய்க்கு அன்றைக்குக் கால் லிட்டரும் அதற்கு மேல் ஒரு மடக்கும் பெட்ரோல் வரும். அதை ஊற்றினால் அந்தப் பழைய கார் மூன்றரை கிலோமீட்டர் ஓடும். மூன்றரை கிலோமீட்டர். எங்கே வரும் மூன்றரை கிலோமீட்டர்? அவருக்குத் தெரிந்துவிட்டது, எழுதுவதற்கு முன்பே. சூலூர் பிரிவில் இடது பக்கம் திரும்பினால் பேக்கரி. டெஸ்டிங் ஆட்கள் நாலு பேர் சாயங்காலம் அங்கே நிற்பார்கள். ஒரு டீ, ஒரு தேங்காய் பன், வால்வு பேச்சு, கட்சிப் பேச்சு. போக வர மூன்றரை கிலோமீட்டர் சுற்று. நேர் ரோட்டில் வந்திருந்தால் ஆறு மணிக்கே வீடு. அந்தப் பன்னுக்காக, பன்கூட இல்லை, அங்கே போய் நிற்பதற்காக எரித்த பெட்ரோல்தான், காசுக்குக் காசு, அவளுடைய ஏழு மணி நேரம். மழைநாளில் கண்ணாடியை ஏற்றி, ஏசியை ஓடவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து டீ குடித்ததும் உண்டு. எழுந்து வாஷ்பேசினில் குனிந்தார், ஒன்றும் வரவில்லை. கண்ணாடியில் தெரிந்த ஆள் வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

அப்புறமும் ஒரு மூலையில் மனசு சொன்னது, இதெல்லாம் பேப்பரில் வந்ததுதானே, நேரில் பார்த்த ஆள் யார்? அவர் சமையலறை வாசலுக்குப் போனார். துளசிமணி மரகதத்தின் காலத்திலிருந்து இந்த வீட்டில் வேலை செய்கிறவள்; கடைசி ஒன்றரை வருஷம் காலையிலிருந்து சாயங்காலம் அவர் வரும்வரை மரகதத்தோடு இருந்ததும் அவள்தான்.

"துளசி."

"சொல்லுங்ண்ணா. காபி ஆறிப்போச்சுங்களா?"

"அக்கா பகல்ல மெஷினை நிறுத்திப்போடுவாளா?"

அவள் கையில் இருந்த வாணலியைத் திருப்பாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பிலேயே விடை இருந்தது. ஆனாலும் அவர் வாசலை விட்டு நகரவில்லை.

"இப்ப எதுக்குங்ண்ணா அதெல்லாம்."

"சொல்லு."

"அண்ணங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்கொழந்தை மேல சத்தியம் வாங்கிட்டாங்க. நானென்னங்ண்ணா பண்ணுவேன்? சண்டை போட்டுப் பாத்தேன். ஒரு நாள் நானே போய்ப் போட்டுட்டேன், அன்னிக்குப் பூரா எங்கூடப் பேசலீங்க. நீங்க கெளம்பி அரை மணி நேரத்துல நிறுத்திப்போடுவாங்க. மத்தியானம் ரொம்ப இழுத்துச்சுன்னா செத்த நேரம் போட்டுக்குவாங்க, கடியாரத்தைப் பாத்துட்டே இருப்பாங்க. 'இது என்னை முழுங்கறது பத்தாதுன்னு அவுரு சம்பளத்தையும் முழுங்கோணுமா துளசி'ம்பாங்க."

"நான் வர்றப்ப ஓடிட்டுத்தானே இருக்கும்? ஒரு நாள்கூட… ஒரு நாள்கூட நிறுத்தி நான் பாத்ததில்லையே."

"எப்படிங்ண்ணா பாப்பீங்க? உங்க பழைய காரு பிள்ளையார் கோயில் முக்குல திரும்பறப்பவே அக்காவுக்குக் கேட்டுருங்க. எனக்குக்கூடக் கேக்காது, அவங்களுக்குக் கேட்டுரும். 'உங்கண்ணன் வந்தாச்சு'ன்னு சுவிட்சைப் போட்டுட்டு, கொழாயை மாட்டிட்டு, சாஞ்சுக்குவாங்க. நீங்க கேட்டைத் தொறந்து ஷூவைக் கழட்டி வர்றதுக்குள்ள மூஞ்சி தெளிஞ்சிரும். சாயங்காலம் அஞ்சரைக்கே காதைத் தீட்டிட்டு உக்காந்துக்குவாங்க, நீங்க எப்பத் திரும்புவீங்கன்னு."

அஞ்சரைக்கே. பேக்கரி. அவர் தலையை மட்டும் ஆட்டினார். துளசிமணி அழ ஆரம்பித்திருந்தாள், வாணலித் தண்ணீர் அவள் சேலையில் சொட்டியது. அவளிடம் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும், உன் மேல் தப்பில்லை என்றாவது. மேஜைமேல் போன் அடித்தது. சபாபதி. எடுத்தார்.

"அண்ணா, கணக்குப் போட்டுட்டீங்களா? எவ்வளவு வருதுங்?"

"ஒரு ரூபாய்க்குள்ளதாண்டா" என்றார். குரல் சாதாரணமாக வந்ததில் அவருக்கே அதிர்ச்சி. "கிலோமீட்டருக்கு ஒரு ரூபா. பெட்ரோல்ல எட்டு."

"அடேங்கப்பா. அப்ப கண்ணை மூடிட்டு வாங்கலாங்களா? பில்லு ஐநூறு யூனிட்டைத் தாண்டினா ஏறுமேன்னு வீட்டுல பயப்படறாங்."

எதிர்முனையில் கம்பெனி லாரி ஒன்று பின்னால் வருகிற பீப் பீப் கேட்டது. "அண்ணா? லைன்ல இருக்கீங்களா?"

"தாண்டட்டும்னு சொல்லு" என்றார். "நான் சொன்னேன்னு இல்ல. நீ சொல்லு. மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. எவ்வளவு வேணா தாண்டட்டும்னு." சபாபதி சிரித்துக்கொண்டே சரிங்ண்ணா என்றான். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. சாவியை எடுத்தார். கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தார். சார்ஜர் வயரைக் கழற்றிச் சுருட்டிச் சுவரில் மாட்டிவிட்டு, காரைப் பின்னால் எடுத்து, வீதியில் பிள்ளையார் கோயில் வரை போனார். அங்கே திருப்பினார். தேங்காய்க் கடைக்காரர் கையைத் தூக்கினார், இவரும் தூக்கினார். முக்கில் ஒரு நிமிஷம் நின்றார். இங்கிருந்து வீட்டுக்கு எத்தனை அடி, நூற்றைம்பதா, இருநூறா. கண்ணாடியை இறக்கினார். எதிரே ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது, யாரோ துணியை அடித்துத் துவைக்கிறார்கள், எங்கோ ஒரு குழந்தை ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்துகிறது. எல்லாம் கேட்டது. மெதுவாக, எப்போதும் வருகிற வேகத்தில், வீட்டுக்கு வந்து, கேட்டுக்குள் நுழைந்து, நிறுத்தினார். செருப்பைக் கழற்றினார். சத்தமே போடாத இந்தக் கார் அன்றைக்கு இருந்திருந்தால், ஒரே ஒரு சாயங்காலம், அவள் முட்டியில் கை ஊன்றி உட்கார்ந்திருக்கும்போதே அவர் வாசலில் வந்து நின்றிருப்பார். ஒரு நாள் போதும். அதற்கு மேல் நிறுத்தவிட்டிருக்கமாட்டார். படுக்கையறை வாசலுக்குப் போனார். துளசிமணி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கட்டில் இருந்த இடத்தில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். முதுகு இவர் பக்கம். விளக்குமாறு சரக் சரக்கென்று ஓடியது. அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், கூப்பிடாமல், எத்தனை நேரம் என்று தெரியவில்லை. குப்பையை அள்ளிக்கொண்டு திரும்பியவள் அவரைக் கண்டு திடுக்கிட்டு முறத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"அய்யோ, எப்பங்ண்ணா வந்தீங்க?"